மஞ்சள் கதவுக்கு அந்தப் பக்கம்

பட்டுவின் சமையலறையில் கரண்டிகள் தொங்கும் ஆணிகளுக்குப் பக்கத்தில் ஒரு பிளைவுட் பலகை வந்து ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. மாட்டியவர் அவள் புருஷன் ஜம்புநாதன். தன்னிடம் இருக்கிற ஒவ்வொரு கருவியையும் பலகை மேல் வைத்துக் கறுப்பு மார்க்கரால் சுற்றி வரைந்து, அந்தக் கோட்டுக்குள்ளேயே அதைத் தொங்கவிட்டிருந்தார். ஸ்பேனரை எடுத்தால் ஸ்பேனர் வடிவத்தில் காலி இடம் தெரியும். பூனாவுக்கு வெளியே சாகணில் அவர் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த கம்பெனியில் அப்படித்தான் வழக்கம். ஒரே ஓர் இடம் மட்டும் மாட்டிய நாளிலிருந்து காலியாகவே இருந்தது. டம்ளர் அளவுக்கு ஒரு குழாய், அதன் முனையில் நீளமாக, கூராக மூன்று விரல்கள். தேங்காய் துருவிவிட்டு நிமிரும்போதெல்லாம் பட்டுவின் கண்ணில் அதுதான் விழும்.

"இருக்கிற மிக்சிக்கு எடம் இல்லாம கட்டிலுக்கு அடியில வச்சிருக்கேன். வராத சாமானுக்கு ஆணி அடிச்சு வச்சிருக்கீங்க" என்பாள்.

"வந்துட்டா எங்க மாட்டுறதாம்?" என்பார் ஜம்புநாதன், ரொம்ப நியாயமாக.

ஹடப்சரில் ஒரு ஹாலும் ஒரு கிச்சனும் உள்ள அந்த வீட்டிலிருந்துதான் பட்டு இருபத்திரண்டு ஐ.டி. பையன்களுக்கு மதியச் சாப்பாட்டு டப்பா அனுப்புகிறாள். பால்கனியில் கிடந்த பழைய கார் கியர்பாக்ஸ், மழை போகிற போக்கில் சாய்ந்து அடிக்கத் தொடங்கியதும் ஹாலுக்குள் வந்து வாஷிங் மெஷின் மேல் ஏறிக்கொண்டது. மேல்மூடி கழன்று, வயிறு திறந்து கிடந்தது. வீடெல்லாம் கியர் எண்ணெய் வாடை. வெண்டைக்காய்க் கறியில் பெட்ரோல் பங்க் வாசனை வருகிறது என்று ஒரு பையன் செய்தி அனுப்பியிருந்தான். பட்டு அதைப் புருஷனுக்குப் படித்துக் காட்டினாள். அவர் பெட்ரோல் வேறு, கியர் எண்ணெய் வேறு என்றார்.

கம்பெனி அவருடைய லைனை மூடியது பிப்ரவரியில். இனி மின்சார வண்டிதான், இத்தனை கியர் எதற்கு என்று நாற்பது பேரைக் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். அவருக்கு ஐம்பத்தொரு வயது. பட்டுவின் தம்பி சுப்ரமணியன் ஹிஞ்சேவாடியில் செக்யூரிட்டி ஏஜென்சி ஒன்றில் இருக்கிறான். சுற்றி வளைக்காமல், "மாமாவுக்கு சூப்பர்வைசர் வேலை இருக்கு, தசரா முடிஞ்ச திங்கக்கெழமை வந்து சேரச் சொல்லு, யூனிபார்முக்கு அளவு அனுப்பு" என்று அக்காவிடம் நேராகச் சொல்லிவிட்டான். பட்டு இஞ்ச் டேப் எடுத்து வந்து மார்பு, தோள், கை எல்லாம் அளந்தாள். ஜம்புநாதன் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். அந்த நிற்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அளவைச் சீட்டில் எழுதிப் பர்சில் வைத்துக்கொண்டாள்.

இதற்கு நடுவில் வந்து சேர்ந்ததுதான் இந்தக் கியர்பாக்ஸ். கோத்ரூடில் பல் டாக்டராக இருக்கிற ஜெயந்த் என்பவருடைய பழைய ஹெரால்டு கார், மதராஸில் செய்து அறுபதுகளில் விற்றது. யாரோ சொல்லி ஜம்புநாதனைத் தேடி வந்தார். "கியர்பாக்ஸ் எனக்குப் புதுசு இல்ல சாஹேப். லட்சக்கணக்குல என் கை வழியாப் போயிருக்கு" என்று இவர் சொன்னதை நம்பி இறக்கி வைத்துவிட்டுப் போனார். தசரா அன்று வண்டிக்கு மாலை போட்டு ஓட்டுவது டாக்டர் வீட்டு வழக்கமாம். மூன்று தசரா தவறிவிட்டதாம். இந்தத் தசராவுக்கும் ஆகாவிட்டால், அன்று காலை ஒன்பது மணிக்கு வந்து இருக்கிறபடியே வாரி எடுத்துக்கொண்டு மும்பைக்கு அனுப்பிவிடுவதாகப் பேச்சு. அவருடைய கிளப்பில் இன்னும் எட்டு ஹெரால்டுகள் இருக்கின்றன. இது ஓடினால் அவையும் ஜம்புநாதனிடம் வரும். ஓடாவிட்டால் திங்கட்கிழமை யூனிபார்ம்.

இடைஞ்சல் ஒரு வளையத்தில் இருந்தது. சர்க்ளிப் என்பார்கள். பெட்டிக்குள்ளே, நடு ஷாஃப்டில் வெட்டிய பள்ளத்தில் புதைந்து உட்கார்ந்திருக்கும். அது கழன்றால்தான் ஷாஃப்ட் வெளியே வரும். ஷாஃப்ட் வந்தால்தான் தேய்ந்துபோன இரண்டாம் கியரை மாற்றலாம். மாற்ற வேண்டிய சாமான் எல்லாம் தயாராகத் தட்டில் இருந்தது. வளையத்தைத் திரும்பப் போடுவதற்கான குழாயைக்கூட அவரே லேத்தில் கடைந்துகொண்டு வந்துவிட்டார். கழற்றுவதற்கு மட்டும் அந்த மூன்று விரல் கருவி வேண்டும். அந்தக் காலத்தில் கார்க் கம்பெனி தன் ஒர்க்‌ஷாப்புகளுக்கு மட்டும் கொடுத்தது. மூன்று விரலும் ஒரே நேரத்தில் பள்ளத்துக்குள் நுழைந்து வளையத்தைத் தூக்க வேண்டும்.

மகள் வைஷு கம்ப்யூட்டரில் தேடினாள். இங்கிலாந்தில் ஒருவர் விற்கிறார், ஆனால் இப்போது கையிருப்பு இல்லை என்று போட்டிருந்தது. "அப்பா, டிசம்பர்லதான் மிளேல்" என்றாள், கிடைக்கும் என்பதற்கு. அவள் தமிழ் அப்படித்தான், பாதியில் மராத்திக்குள் இறங்கிவிடும். அதன் படத்தைத்தான் முழு அளவில் அச்செடுத்துக் கொடுத்தாள். ஜம்புநாதன் அதை வைத்துப் பலகையில் காலி இடத்தை வரைந்துவிட்டு, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றினார். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஜூனா பஜாரில் தரையில் கொட்டி விற்கும் துருப்பிடித்த இரும்பை எல்லாம் குந்தி உட்கார்ந்து கிளறினார். நானா பேட்டில் கடை கடையாக ஏறினார். போசரியில் ஒருவரைப் பிடித்துக் கடையச் சொன்னார், விரல் வளைந்துவிட்டது. பதம் ஏற்றிக் கொண்டு வந்தார், விரல் ஒடிந்துவிட்டது. கேட்ட இடத்தில் எல்லாம் ஒரே பதில், நஹீ ஹை. வீட்டுக்கு வந்தால் உட்கார மாட்டார். சாப்பிடும்போதே எழுந்து போய்ப் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வருவார். அவர் நிலைகொள்ளாமல் அலைவதைப் பார்த்துப் பார்த்துப் பட்டுவுக்கும் கவனம் சிதற ஆரம்பித்தது. ஒருநாள் ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

அஷ்டமியன்று சாயங்காலம், மறுநாள் சுண்டலுக்குக் கொண்டைக்கடலையை ஊறப் போட்டபோதுதான் அவளுக்கு அது தோன்றியது.

"ஏங்க, நாளைக்கு நவமி. இங்க கண்டே நவமின்னு எல்லா காரேஜுலயும் சாமானைக் கழுவி வரிசையா வச்சுப் பூஜை போடுவாங்கல்ல?"

"ஆமா."

"கேட்டா இல்லைம்பாங்க. ஆனா பூஜைல ஒளிச்சு வைக்க முடியுமா? இருக்கிறது அத்தனையும் வெளிய வந்துதானே ஆகணும்?"

ஜம்புநாதன் பலகையைப் பார்த்தார். "பூனா பூரா எத்தனை காரேஜு இருக்கு தெரியுமா? பைத்தியமா ஒனக்கு?"

"ஆமா, இந்த வீட்டுல நான் ஒருத்திதான் பைத்தியம்" என்று சொல்லிவிட்டுப் பட்டு இன்னும் மூன்று படி கடலையை ஊறப் போட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டார்கள். முன்னால் ஜம்புநாதன், பின்னால் மடியில் பெரிய தூக்குச் சட்டியோடு பட்டு. நவராத்திரிச் சுண்டலை வேண்டாம் என்று சொல்கிற காரேஜ் எங்கும் இல்லை. உள்ளே போவது, ஆளுக்கு ஒரு இலைத் தொன்னையில் சுண்டல் கொடுப்பது, சாமி கும்பிடுகிற சாக்கில் பூஜையில் வைத்த இரும்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்ப்பது. செவ்வந்தி மாலை, தேங்காய், பேடா. ராம்டேக்டியில் ஆறு காரேஜ், புல்கேட்டில் நான்கு. ஒரு இடத்தில் ஜாக்கிக்கு ஜரிகைத் துணி போர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். இன்னொரு இடத்தில் ஒரு மெக்கானிக், மாமிக்கு ரொம்ப பக்தி என்று தன் வீட்டுக்கு வீடியோ எடுத்து அனுப்பினான். பத்தரை மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. சட்டி பாதி காலியானது. அவள் மடியெல்லாம் தேங்காய் எண்ணெயும் கடுகும்.

"போதும், வீட்டுக்குப் போலாம்" என்றார் ஜம்புநாதன். சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும்.

"சட்டில இன்னும் இருக்கு."

பவானி பேட்டில் மரக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் டெம்போ கியர்பாக்ஸ் பழுதுபார்க்கும் ஷாப் ஒன்று இருந்தது. முதலாளி அப்துல் காதர், ஆம்பூர்க்காரர். அவர் கூட இருக்கிற நாலு பேர் பூஜை போட்டிருந்தார்கள். அவர் கொஞ்சம் தள்ளி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "இங்க வேணாம், இவரை நான் மூணு வாரத்துக்கு முன்னாடியே கேட்டாச்சு" என்று ஜம்புநாதன் வாசலிலேயே முணுமுணுத்தார். பட்டு உள்ளே போய்விட்டாள். மூன்றாவது வரிசையில், இரண்டு சுத்தியலுக்கு நடுவில், சந்தனம் குங்குமத்தோடு அது படுத்திருந்தது. டம்ளர் அளவுக் குழாய். மூன்று விரல்.

அவள் கையிலிருந்த தொன்னை சாய்ந்து சுண்டல் கொட்டியது. ஒன்றரை மாதம் தினமும் பார்த்த வடிவம். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதற்காகத் தன் மேலேயே கோபமும் வந்தது.

"பாய், இவர் வந்து கேட்டப்போ இல்லைன்னு சொன்னீங்களாமே?"

காதர் டீயைக் கீழே வைத்தார். "கேக்கறவங்க எல்லாருக்கும் இல்லன்னுதாம்மா சொல்றது. ஹெரால்டு டீலர் கடைய மூடி இரும்பு வெலைக்குப் போட்டப்ப நான் எடுத்தது. இது கூட ஒரு புல்லர் இருந்துச்சு. ஒரு நாளைக்குன்னு வாங்கிகினு போனான் ஒருத்தன். பத்தொம்பது வருசம் ஆவுது."

"நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு டாக்டர் வந்துடுவாரு பாய். இப்ப குடுத்தீங்கன்னா ரெண்டு மணி நேரத்துல திருப்பிக் கொண்டாந்து இதே எடத்துல வச்சிடறேன்."

"பூஜைல வச்ச சாமான்மா. நாளைக்குத்தான் எடுக்கணும்."

"நீங்களே இப்படிச் சொன்னா?"

"நான்தான் சொல்லணும். வச்சது இவங்க. இவங்க வச்சத நான் எடுத்துக் குடுத்தா நாளைக்கு என்னைய எவன் மதிப்பான்?" என்றவர் ஜம்புநாதன் பக்கம் திரும்பினார். "சாமான் ஷாப்ப விட்டு வெளிய போவாது சார். வேலைய உள்ள கொண்டாங்க. காலைல ஏழு மணிக்குத் தெறப்பேன். ஆனா இங்க ஒரு பழக்கம் இருக்குது. தசரா அன்னிக்கு சாமான் மேல கை வைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தனும் அந்த வருசம் இன்னா கெடுத்தான்னு எல்லாருக்கும் கேக்கறாப்ல சொல்லணும். மொதல்ல நான் சொல்லுவேன். சொல்லாதவன் தொட முடியாது."

ஜம்புநாதன் தலையை ஆட்டினார். முகம் செத்துவிட்டது.

திரும்பி வரும்போது மழை கண்ணை மறைத்தது. புல்கேட் தாண்டி ஒரு பஸ் ஸ்டாப்பில் ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு ஒதுங்கினார்கள். கிடைத்துவிட்டதே, ஏன் மனுஷன் இழவு வீட்டுக்காரர் மாதிரி இருக்கிறார் என்று பட்டுவுக்குப் புரியவில்லை. கேட்டாள்.

"நான் ஒண்ணக்கூடப் பிரிச்சதில்ல பட்டு."

"என்ன?"

"கியர்பாக்ஸ். இருபத்தாறு வருஷம் மாட்டியிருக்கேன். ஒரு பெட்டிக்குத் தொண்ணூறு செகண்டு. என் ஸ்டேஷனுக்கு வரும், உருளை வைப்பேன், ஷாஃப்டை எறக்குவேன், அடுத்த ஆளுக்குப் போயிடும். எதாச்சும் தப்பா இருந்தா செவப்புச் சீட்டு ஒட்டி மஞ்சள் கதவுக்கு அந்தப் பக்கம் தள்ளிடுவாங்க. பிரிக்கிறவங்க அங்க. நான் அந்தக் கதவைத் தொறந்ததே கெடையாது."

"அப்புறம் எந்தத் தைரியத்துல வாங்கி வச்சீங்க?"

"மாட்டுனத தலைகீழாச் செஞ்சா பிரிக்கறதுதானேன்னு நெனச்சேன்." தண்ணீர் சொட்டுகிற கையைப் பார்த்துக்கொண்டார். "கருவி இல்லாம ரெண்டு ஸ்குரூடிரைவர் வச்சு நெம்பிப் பாத்தேன். ஷாஃப்டுல கோடு விழுந்துடுச்சு. நாளைக்கு அந்த பாய் பாத்த ஒடனே கண்டுபிடிச்சிடுவாரு. எல்லார் முன்னாடியும் நான் அதச் சொல்லணும்."

பட்டுவுக்கு வந்த கோபத்தில் சட்டியை ரோட்டில் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போய்விடலாம் போல் இருந்தது. இந்த மனுஷனை நம்பி இரண்டு வாரமாகத் தம்பிக்குப் பிடிகொடுக்காமல் பேசிக்கொண்டிருக்கிறாள். லட்சம் லட்சம் என்றாரே, ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லையாமே. திட்ட வாயெடுத்தாள். அவர் நடுங்கிக்கொண்டிருந்தார், மழையில்தான். சட்டியில் மிச்சமிருந்த சுண்டலைத் தொன்னையில் போட்டு அவரிடம் நீட்டினாள்.

"தின்னுங்க. காலைல ஆறரைக்கு ரிக்‌ஷா சொல்லிடறேன். டாக்டர் வர்றதுக்குள்ள சொல்லவேண்டியதச் சொல்லி, கழட்டவேண்டியதக் கழட்டிட்டு வந்துடலாம்."

நினைத்தபடி எதுவும் நடக்கவில்லை. கியர்பாக்ஸைப் போர்வையில் சுற்றி ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொண்டு ஏழு மணிக்கே போய்விட்டார்கள். ஷாப்பில் காதர் இருந்தார். ஆரத்தி எடுக்கிற விட்டல் மட்டும் வரவில்லை. அவன் காத்ரஜிலிருந்து வர வேண்டும், செவ்வந்தி வாங்க மார்க்கெட்டில் நிற்கிறானாம். எட்டு ஆயிற்று. எட்டரை ஆயிற்று. ஜம்புநாதன் சந்துக்கும் ஷாப்புக்கும் நடந்துகொண்டே இருந்தார். விட்டல் வந்து, விளக்கேற்றி, தேங்காய் உடைத்தபோது மணி ஒன்பதேகால். அப்போதுதான் சந்து முனையில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. வீட்டுக்கு வந்து ஏமாந்து போகக் கூடாதென்று வைஷு நல்ல பிள்ளையாக டாக்டருக்கு ஷாப் இருக்கிற இடத்தைப் போனில் அனுப்பிவிட்டிருந்தாள். ஜெயந்த் இறங்கி வந்தார். கையில் தசராவுக்குத் தங்கம் என்று ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் ஆப்டா இலை. எல்லாருக்கும் ஆளுக்கொரு இலை கொடுத்துவிட்டு, திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார்.

காதர் எழுந்து பூஜைக்கு முன்னால் நின்றார். போன மார்ச்சில் விரிசல் விட்ட ஒரு பெட்டிக்கு வெல்டிங் வைத்து, அதை வண்டிக்காரரிடம் சொல்லாமல் அனுப்பிவிட்டதாக ஹிந்தியில் சொன்னார். சொல்லிவிட்டுக் காதைத் தொட்டுக்கொண்டார். விட்டல் மைக்ரோமீட்டரால் ஆணி அடித்ததைச் சொன்னான். மற்ற மூன்று பேரும் சொன்னார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

எல்லாரும் ஜம்புநாதனைப் பார்த்தார்கள். பட்டு ஓரடி முன்னால் வந்தாள். வேண்டாம், வாங்க போகலாம், திங்கட்கிழமை வேலை இருக்கிறது என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட ஒரு கணம் நினைத்தாள்.

அவர் ஹிந்தியில்தான் ஆரம்பித்தார். தொழிற்சாலை ஹிந்தி, திக்காது. லட்சக்கணக்கான பெட்டிகளை மாட்டியவன், ஒன்றைக்கூடப் பிரித்தவனில்லை என்றார். அதை டாக்டர் சாஹேபிடம் மறைத்துவிட்டேன் என்றார். ஸ்குரூடிரைவரால் நெம்பி ஷாஃப்டில் கோடு போட்டதைச் சொன்னார், எத்தனை கோடு என்றும் சொன்னார். நாலு. சொல்லி முடித்துவிட்டு வெறுங்கையோடு நின்றார்.

ஜெயந்த் குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். பல்லைப் பார்க்கிறவர் பார்க்கிற மாதிரியே தலையைச் சாய்த்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு காதரிடம், "இந்தக் கோட்டால் ஷாஃப்ட் வீணா?" என்று கேட்டார்.

"நஹீ சாப். எண்ணெய்க்கல்லு போட்டா போய்டும்."

டாக்டர் நிமிர்ந்தார். கோபமாகத்தான் இருந்தார், குரலில் அது தெரிந்தது. "என் கிளினிக்கில் பல் கட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். அருமையான கை. அவரை நான் பிடுங்க விட்டதில்லை. அவரும் கேட்டதில்லை. நீங்கள் முதல் நாளே சொல்லியிருக்கலாம் ஜம்புநாதன்." கடிகாரத்தைப் பார்த்தார். "மும்பைக்கு டெம்போ பன்னிரண்டு மணிக்கு. அதுவரை பாருங்கள்."

காதர் மூன்று விரல் கருவியை எடுத்தார். குங்குமத்தைத் துடைக்கவில்லை. ஷாஃப்டைச் சாய்த்து, குழாயை நுழைத்து, உள்ளங்கையால் பின்பக்கம் ஒரே தட்டு. வளையம் விரல்களின் மேல் ஏறி வந்துவிட்டது. ஒன்றரை மாதம் வீட்டைப் படுத்திய பாடு அவ்வளவுதான். ஜம்புநாதன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெறந்தாச்சு சார். மூடறது உங்க வேலை" என்றார் காதர். "கீழ் ஷாஃப்டு உருளைங்க உள்ள உருண்டு விழுந்துகினே இருக்கும். அதப் புடிச்சு வைக்கறதுக்கு ஒரு டம்மி கம்பி வேணும். எங்கிட்ட இல்ல."

"கிரீஸ் இருக்கா பாய்?"

"கிரீஸ் இருக்குது."

"போதும்."

கையைத் துடைத்துக்கொண்டு அவர் பெஞ்சுக்கு முன்னால் உட்கார்ந்தார். கோடுகளைக் கல்லில் இழைத்தார். புது இரண்டாம் கியரை ஏற்றினார். பிறகு ஊசி மாதிரியான உருளைகளைக் கிரீஸ் தடவிய துளைக்குள் ஒவ்வொன்றாக வைக்க ஆரம்பித்தார். குனிந்து பார்க்கவே இல்லை. இடது கைக் கட்டைவிரல் துளைக்குள் இருந்தது, வலது கை எடுத்துக் கொடுத்தது, பார்வை எதிர்ச் சுவரில் எங்கேயோ. விட்டல் பக்கத்தில் வந்தான். மற்றவர்களும் வந்தார்கள். டெம்போ பெட்டிக்கு அதே வேலையை அரை நாள் திட்டிக்கொண்டே செய்கிறவர்கள் அவர்கள். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. காதர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். டீ ஆறிப்போனது.

பட்டு கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த மனுஷன் வேலைக்குப் போவதையும் வருவதையும்தான் பார்த்திருக்கிறாள். வேலை செய்வதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இந்தக் கையையா இஞ்ச் டேப் வைத்து அளந்தோம் என்று நினைத்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

பதினொன்றே முக்காலுக்கு அவர் மேல்மூடியை வைத்து, கம்பியால் ஒவ்வொரு கியராகத் தள்ளிப் பார்த்தார். முதல், இரண்டு, மூன்று, நாலு. இரண்டாம் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. ஜெயந்த் தானே ஒரு தடவை தள்ளிப் பார்த்தார், திரும்பவும் தள்ளிப் பார்த்தார். பிறகு ஓரமாகப் போய்ப் போனில் டெம்போக்காரனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கிளப்பில் இருக்கிற எட்டு ஹெரால்டுகளைப் பற்றிக் காதரிடம் சொன்னார்.

காதர் ஜம்புநாதனிடம் வந்து, "அந்த எட்டு வண்டியும் வந்துச்சுன்னா இங்கதான் கொண்டாரணும். சாமான் வெளிய வராது, தெரியும்ல?" என்றார்.

"தெரியும் பாய். ஆனா ரெண்டாவது பெட்டிய நான் தொறக்கணும். நீங்க பக்கத்துல இருங்க."

பட்டுவின் பர்ஸுக்குள் போன் அடித்தது. சுப்ரமணியன்.

"அக்கா, தையக்காரன் ஒக்காந்திருக்கான். மாமா அளவு எங்கே? நாளைக்குச் சேரணும்."

பட்டு பர்ஸிலிருந்து சீட்டை எடுத்தாள். மார்பு நாற்பது, தோள் பதினேழரை. எதிரே ஜம்புநாதன் முழங்கை வரைக்கும் கிரீஸோடு, ஆப்டா இலை ஒன்று சட்டைப்பையில் எட்டிப் பார்க்க, விட்டலுக்கு உருளை வைப்பதைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"சட்டை தைக்க வேணாம்டா" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து அவன் கத்துவது காதில் விழுந்தது. அவள் சீட்டை மடித்து, பெஞ்சில் வழிந்திருந்த கிரீஸைத் துடைத்துப் போட்டாள்.